மதுரையில் ராத்திரி பாட்டோடு உட்கார எங்கே போகலாம்?

பாதி_மதுரை | புதன், இரவு 9:12

வில்லாபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். 11 வருஷமாகப் பெங்களூர்வாசி. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். வெள்ளி சாயங்காலமே வந்துவிடுகிறோம். கூட வருவது இரண்டு பேர். ஒருவன் மைசூர்க்காரன், டிரம்ஸ் வாசிப்பான். இன்னொருத்தி கொச்சிக்காரி, ஆபீசில் என் பக்கத்து மேசை.

இரண்டு ராத்திரி கையில் இருக்கிறது. பெங்களூரில் ஒரு தெருவில் நடந்தால் நாலு இடத்தில் ஆள் நின்று கிடார் வாசிப்பான். ஒரு பீர் வாங்கிக்கொண்டு 11 மணி வரை கேட்கலாம். மதுரையில் அப்படி எங்கே? டிஜே வேண்டாம், காதைக் கிழிக்கும் ரீமிக்ஸ் வேண்டாம். மனிதர்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"தூங்கா நகரம்னு பீத்திக்குவியே, காட்டு பார்ப்போம்" என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். மானம் போகாமல் காப்பாற்றுங்கள்.


பைபாஸ்வாசி | புதன், இரவு 9:30

மாப்ள, மானம் போச்சுன்னே வச்சுக்க.

தூங்கா நகரம் என்பது இட்லிக்கும் புரோட்டாவுக்கும் சொன்னது. ராத்திரி 1 மணிக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சுடச்சுடச் சாப்பாடு கிடைக்கும், மாட்டுத்தாவணியில் 2 மணிக்கு டீ கிடைக்கும். கிடார் கிடைக்காது.

டாஸ்மாக் கடை மதியம் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடும். அதை ஒட்டிய பாரில் நீ கேட்கக்கூடிய ஒரே இசை, பக்கத்து டேபிள்காரர் தன் செல்போனில் போடும் சோகப் பாட்டு. சில சமயம் அவரே பாடுவார். அது லைவ்தான், மறுப்பதற்கில்லை.

மற்றபடி ஓட்டல் பார்தான் கதி. அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.


சாவிக்கொத்து | புதன், இரவு 10:05

விவரம் தெரிந்தவன் வந்துவிட்டேன். மதுரையில் இரண்டு ஓட்டல்களில் 14 வருஷம் முன்பக்க டெஸ்க்கில் நின்றவன்.

ஓட்டல் பாருக்கு எஃப்.எல்.3 உரிமம், கிளப்புக்கு எஃப்.எல்.2. தனியாக ஒரு பப் திறந்து, மேடை போட்டு, பாட்டுக்காரரை உட்கார வைப்பது பெங்களூர் மாதிரி இங்கே எளிதில்லை. பார் வேண்டும் என்றால் முதலில் அறைகளோடு ஓட்டல் கட்ட வேண்டும். ஓட்டல் கட்டுகிறவனுக்குக் கல்யாண மண்டபமும் ரூம் வாடகையும்தான் குறி. பார் கடைசிக் கவலை.

அடுத்தது, வருகிற ஆள். மதுரையில் பாருக்குப் போகிறவர் யார் கண்ணிலும் படக் கூடாது என்று நினைப்பவர். அதனால் பாரைக் கட்டும்போதே இருட்டாக, வாசல் பக்கவாட்டில் வைத்துக் கட்டுவார்கள். உள்ளே ஏசித் தண்ணீர் ஒரு பக்கெட்டில் சொட்டும், ஒரு மீன் தொட்டி, டிவியில் சத்தமில்லாமல் கிரிக்கெட், தட்டில் வேகவைத்த கடலை. அங்கே பாட்டுக்காரரை நிறுத்தினால் கூட்டம் தலையைக் குனிந்துகொள்ளும். குடும்பம் வருவது ரெஸ்டாரண்டுக்கு. ஆகவே பாட்டு ரெஸ்டாரண்டில் இருக்கும், சரக்கு பாரில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கனமான கதவு. எனக்குத் தெரிந்து இந்தக் கதவுதான் மதுரையில் மியூசிக் பார் வராததற்குக் காரணம்.

ஆனாலும் போய் உட்காரத் தகுந்த இடங்கள் உண்டு. கோச்சடையில் ஹெரிடேஜ். இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா மதுரா மில்ஸ் அதிகாரிகளின் கிளப்புக்காக 1970-களில் வடிவமைத்த கட்டடம். ஆலமரங்கள், கருங்கல் தூண், தெப்பக்குளம் மாதிரி ஒரு நீச்சல் குளம். பசுமலை மேலே வெள்ளைக்காரன் காலத்து பங்களாவில் நடக்கும் ஓட்டலுக்குப் போனால் மொத்த ஊரும் கீழே விளக்காகத் தெரியும். ஊருக்குள்ளேயே வேண்டும் என்றால் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி சுப்ரீம் ஓட்டல். மொட்டை மாடியில் உட்கார்ந்தால் கோபுரங்கள் தெரியும். கீழே அவர்கள் பாரை ஒரு விண்கலம் மாதிரி செய்து வைத்திருந்தார்கள், வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்க்கவென்றே வருவார்கள்.

இங்கெல்லாம் அன்று ராத்திரி பாட்டு உண்டா என்பதைக் காலையிலேயே போன் போட்டுக் கேளுங்கள். "மியூசிக் இருக்கா?" என்று கேட்டால் ஸ்பீக்கரை நினைத்துக்கொண்டு இருக்கு என்பார்கள். "ஆள் உட்கார்ந்து பாடுறாங்களா?" என்று கேட்க வேண்டும்.


பாதி_மதுரை | புதன், இரவு 10:21

சாவிக்கொத்து அண்ணே, நன்றி. அந்தக் கதவு விஷயம் புரிகிறது. வெள்ளிக்கிழமைக்கு ஏதாவது ஓர் ஓட்டலைப் பிடித்துவிடுகிறேன். சனிக்கிழமை ராத்திரி காலியாக இருக்கிறது.


மாசி_வீதி | வியாழன், காலை 6:48

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தம்பி கேட்டது மனிதர்கள் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்று. அதற்கு எதற்குப் பார்?

மீனாட்சியம்மன் கோயிலில் தினமும் இரவு 9 மணிக்கு மேல் பள்ளியறைப் பூஜை நடக்கிறது. சுவாமி சன்னதியிலிருந்து சொக்கரின் திருவடி சின்னப் பல்லக்கில் கிளம்பும். முன்னால் நாதஸ்வரமும் தவிலும். அம்மன் சன்னதிக்கு வந்ததும் சத்தம் அப்படியே இறங்கும். பகலெல்லாம் அதட்டிக்கொண்டிருந்த தவில், குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். தாலாட்டு ராகமான நீலாம்பரி கேட்கிற ராத்திரிகளில் நான் தூணில் சாய்ந்து நின்றிருக்கிறேன். ஓதுவார் பாடி, மூக்குத்தி தீபாராதனை முடிந்து, கதவு சாத்துகிறார்கள். டிக்கெட் கிடையாது, மைக் கிடையாது. போனை வெளியிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. அதனால் யாரும் கையைத் தூக்கி வீடியோ எடுப்பதில்லை. மதுரையில் அப்படி ஒரு கச்சேரி வேறெங்கும் இல்லை என்பேன்.

இந்த ஊர் பாட்டுக்குப் பஞ்சமான ஊரா? எம்.எஸ். 1916-இல் பிறந்தது இங்கே, அம்மா சண்முகவடிவு வீணை வாசித்த வீட்டில். மணி ஐயர், சோமு, சேஷகோபாலன் என்று பெயருக்கு முன்னால் மதுரையைப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்! நாதஸ்வரத்தில் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். டி.எம்.எஸ். 1922-இல் பிறந்த சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. 2023-இல் முனிச்சாலையில் சிலை வைத்தார்கள். சங்கீதம் கேட்க சின்னச் சொக்கிகுளம் பக்கம் லட்சுமி சுந்தரம் ஹால் இருக்கிறது, கோர்ட்டுக்கு எதிரே ராஜா முத்தையா மன்றம் இருக்கிறது. சனிக்கிழமை தினசரியில் "இன்றைய நிகழ்ச்சிகள்" பத்தியைப் பாருங்கள். பெரும்பாலும் இலவசம். முன் வரிசை காலியாகவே இருக்கும், அது வேறு வருத்தம்.


மூணாவது_ரவுண்டு | வியாழன், காலை 10:15

கேட்டது பார். சொல்வது பள்ளியறை. இந்த ஊரில் எதைக் கேட்டாலும் கடைசியில் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். பையன் ஒரு பீரோடு ரெண்டு பாட்டுக் கேட்கணும் என்கிறான், அது ஒரு பாவமா? வெளியூர் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவன் 9:30-க்கு நடை சாத்தியதும் எங்கே போவான்?


மாசி_வீதி | வியாழன், காலை 10:40

விளக்குத்தூணுக்குப் போய் ஜிகர்தண்டா குடிப்பான். பீரை யாரும் பிடுங்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்வேன்.


குழாய்_ரேடியோ | வியாழன், மதியம் 2:33

நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். அப்பா காலத்தில் ரேடியோ செட் என்போம். நான் சொல்லாமல் இந்த இழை முடியாது.

நீங்கள் எல்லோரும் 10 மணி, 10 மணி என்கிறீர்களே, அது பார் மூடுகிற நேரம் மட்டும் இல்லை. 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கத்துக்குத்தான் விலக்கு. திருவிழா மாதிரி விசேஷங்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். அதனால்தான் ஓட்டல் புல்வெளியில் பாடுகிறவர் 9:50-க்கு வாட்சைப் பார்க்க ஆரம்பிப்பார். சாவிக்கொத்து அண்ணன் சொன்ன கதவு ஒன்று என்றால், இந்த 10 மணி இன்னொரு கதவு. குடிக்க இடம் இருக்கும் அறையில் பாட்டு இல்லை, பாட்டு இருக்கும் புல்வெளியில் நேரம் இல்லை.

ஊர்த் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி வைத்தாலும் இதே பாடுதான். ஆடல் பாடல் நிகழ்ச்சி என்றால் ஸ்டேஷனில் அனுமதி கேட்டு, கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போட்டு, நிபந்தனைகளோடு வாங்கி வருவார்கள். ஆபாச ஆட்டம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது, கட்சிக் கொடி கூடாது, சொன்ன நேரத்தில் முடிக்க வேண்டும். கூம்புக் குழாய் கட்டாதே என்பார்கள். நானும் கட்டுவதில்லை, எட்டு குழாய் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. பெயரில் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நல்ல பாட்டுக்குழு கேட்க வேண்டுமா, ஓட்டலுக்குப் போகாதீர்கள். வைகாசி, ஆனியில் ஏதாவது மாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் போங்கள். மினி லாரியைப் பின்பக்கம் திறந்து, தகரத் தட்டியில் மேடை. கீபோர்டு ஒன்று, பேடு ஒன்று, தபேலா, டிரம்ஸ், ஒரு டி.எம்.எஸ். குரல், ஒரு ஜானகியம்மா குரல். முதல் பாட்டு சாமி பாட்டு, இரண்டாவது டி.எம்.எஸ்., மூன்றாவதிலிருந்து இளையராஜா. அந்த வரிசை மாறினால் பெரியவர்கள் கத்துவார்கள். என்னிடம் வேலை பார்க்கும் பையன் மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பாட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே எக்கோவைக் கூட்டுவான், குறைப்பான். அவனுக்கு ஒரு மீட்டரும் தேவையில்லை.


கொடைரோடு_பொண்ணு | வியாழன், இரவு 8:20

வருகிறவர்களில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லியும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோருக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

நானும் இரண்டு தோழிகளும் போன வருஷம் ஒரு பிறந்தநாளுக்கு ஓர் ஓட்டல் பாருக்குப் போனோம், பெயர் வேண்டாம். வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்ததும், "ரெஸ்டாரண்ட் அந்தப் பக்கம்மா" என்றார். மிக மரியாதையாகத்தான் சொன்னார். பாருக்குத்தான் வந்தோம் என்றதும் அவர் முகம் சின்னதாகிவிட்டது. உள்ளே ஒரு ஓர மேசை கொடுத்து, எங்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்பை இழுத்து வைத்தார்கள். தொந்தரவு ஒன்றும் இல்லை. ஆனால் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பிறந்தநாள் கொண்டாடிய மாதிரி இருந்தது.

பெரிய ஓட்டல்களில் ரெஸ்டாரண்ட் மேசைக்கே கொண்டுவந்து தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். தருகிறார்கள் என்றால் அங்கேயே உட்காருங்கள், பாருக்குள் போக வேண்டாம். திரும்பி வர வண்டியை முன்பே பேசிவிடுங்கள். யாரும் குடித்துவிட்டு ஓட்ட வேண்டாம். அபராதமே 10,000 ரூபாய்.


பெட்டிக்காரன்_பேரன் | வியாழன், இரவு 11:47

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். தாத்தா ஆர்மோனியம். ஊரில் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சனிக்கிழமை ராத்திரி காலி என்றால் ஸ்பெஷல் நாடகம் பாருங்கள். ராத்திரி 10-க்குத் தொடங்கி விடிகிற வரை மனிதர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். இந்த மாவட்டத்தில் அப்படி வேறொன்று இல்லை.

தெரியாதவர்களுக்காக: ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஓர் ஊர், ஸ்த்ரீபார்ட் என்கிற கதாநாயகி ஓர் ஊர், கோமாளியான பபூன் ஓர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தேதி வாங்கி, நோட்டீசில் போட்டோ போட்டு ஒட்டுவார்கள். அன்றைக்குச் சாயங்காலம்தான் மேடைக்குப் பின்னால் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. பிறகு எப்படி நாடகம் ஓடுகிறது? கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. அவர் 1918-இல் மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். 1922-இல் அவர் மறைந்து நூறு வருஷம் ஆகியும் வள்ளி திருமணம் ஓடுகிறது.

ஒத்திகை இல்லாத நாடகத்தைத் தூக்கி நிறுத்துவது மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற நாலு பேர். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், அப்புறம் ஆல்ரவுண்டு. ஆல்ரவுண்டு என்பவர் டிரம், தாளத் தட்டு, மணி என்று கைக்கு எட்டியதையெல்லாம் அடிப்பார். பபூன் கண்ணடித்தால் ஒரு சத்தம், தடுக்கி விழுந்தால் ஒரு சத்தம். பெங்களூர் டிரம்ஸ்காரத் தம்பியை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

ஆர்மோனியக்காரருக்குத்தான் பெரிய பாரம். புது ஊர் ஸ்த்ரீபார்ட் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் எடுப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. அவர் வாய் திறந்த அரை நொடியில் இவர் விரல் அங்கே இருக்க வேண்டும். தாத்தா சொல்வார்: "நடிகன் தப்பா எடுத்தா அது சரின்னு ஆக்குறதுக்குத்தான்டா எனக்குச் சம்பளம்."

இரவு 2 மணிக்கு மேல் கூட்டம் பாதி படுத்துவிடும். அப்போது வள்ளிக்கும் வேடன் வேஷத்தில் வரும் முருகனுக்கும் தர்க்கம் தொடங்கும். பாட்டாலேயே கேள்வி, பாட்டாலேயே பதில். ஒருவர் மடக்க, மற்றவர் அவிழ்க்க, படுத்திருந்தவர்கள் எழுந்து உட்காருவார்கள். அதற்காகத்தான் விடிய விடிய இருப்பது. 10-லிருந்து 12 வரை பபூன் காமெடி கொஞ்சம் பச்சையாக இருக்கும், சிநேகிதியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இது ஆனி மாதம், சீசன் இன்னும் முடியவில்லை. மேலூர் பக்கம் சனிக்கிழமை ஒன்று இருக்கிறது. ஊர் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.


மூணாவது_ரவுண்டு | வெள்ளி, காலை 9:02

10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று குழாய் ரேடியோ பக்கம் பக்கமாக எழுதினார். இவர் விடிய விடிய நாடகம் என்கிறார். எது உண்மை?


குழாய்_ரேடியோ | வெள்ளி, காலை 9:25

இரண்டும். 10 மணிக்கு மேல் கோயில் திடலுக்குள் மட்டும் கேட்கிற மாதிரி இரண்டு பாக்ஸ் வைத்துச் சத்தத்தை இறக்கிவிடுவோம். நாடகம் கேட்க வந்தவனுக்கு அது போதும். யாராவது புகார் செய்தால் ஆஃப் செய்துவிட்டு, வெறும் குரலில் ஆடியதையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நாடகம் நன்றாக இருந்தது என்று ஊரே சொன்னது. என் வாடகை போனது.


தெப்பக்குளம் | வெள்ளி, காலை 11:10

சித்திரை மாதம் வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. சித்திரைத் திருவிழாவில், ஊரே அழகரை எதிர்கொண்டு அழைக்கும் மூன்றுமாவடி எதிர்சேவையிலிருந்து அவர் மலைக்குத் திரும்பும் முன் நடக்கும் பூப்பல்லக்கு வரை எந்த ராத்திரியும் தூக்கம் கிடையாது. ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் நடக்கிற ராத்திரி, ஆற்றுக்குள் ஆங்காங்கே வட்டமாக உட்கார்ந்து வர்ணிப்புப் பாடுவார்கள். பக்கவாத்தியம் இல்லை, ஒருவர் எடுக்க நாலு பேர் பின்தாங்க, அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் வழி முழுக்கப் பாட்டாக வரும். வழியில் அழகர் தங்கிப் போகும் மண்டகப்படி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பாடுவார்கள். அடுத்த வருஷம் லீவு போட்டுவிட்டு வாருங்கள்.


பாதி_மதுரை | திங்கள், இரவு 10:50

திரும்பி வந்துவிட்டேன். கணக்கு ஒப்பிக்கிறேன்.

வெள்ளி: போன் போட்டு, "ஆள் உட்கார்ந்து பாடுறாங்களா" என்று கேட்டே போனோம். ஓட்டல் பெயர் வேண்டாம். புல்வெளி, மஞ்சள் பல்பு மாலை, ஒரு கீபோர்டுக்காரரும் ஒரு பாடகியும். டிரம்ஸ், வயலின் எல்லாம் பென் டிரைவில் இருந்து வந்தது. மைசூரான் முகம் தொங்கிவிட்டது. விருப்பப் பாட்டை டிஷ்யூ பேப்பரில் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம். எங்கள் சீட்டு கீபோர்டின் மேல் ஏழெட்டுச் சீட்டுக்கு அடியில் போனது. 9:50-க்கு அவர் வாட்சைப் பார்த்தார். குழாய் ரேடியோ அண்ணனை நினைத்துச் சிரித்துவிட்டேன். எங்கள் பாட்டு வரவே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் குரல் நன்றாக இருந்தது. பென் டிரைவ் ஒரு தடவை நின்றபோது ஒரு சரணம் முழுக்க வெறும் கீபோர்டோடு பாடினார். அந்த ஒரு நிமிஷம்தான் வெள்ளிக்கிழமை.

கொடைரோடு சொன்னபடி ரெஸ்டாரண்டிலேயே கேட்டோம். மேசைக்கே கொண்டுவந்தார்கள். தடுப்பு எதுவும் வைக்கவில்லை.

சனி: பெட்டிக்காரன் பேரன் அனுப்பிய ஊருக்குப் போனோம். மேலூர் தாண்டி உள்ளே 6 கிலோமீட்டர். 9:30-க்குப் போய்ச் சேர்ந்தால் திடலில் பாயும் சாக்கும் விரித்துக் கிழவிகள் இடம் பிடித்திருந்தார்கள். எங்களிடம் விரிக்க ஒன்றும் இல்லை. ஓர் ஆச்சி தன் பாயில் பாதியைக் கொச்சிக்காரிக்கு ஒதுக்கி, "எந்த ஊரு தாயி, கல்யாணம் ஆயிருச்சா?" என்று தொடங்கினார். இவளுக்குத் தமிழ் பாதிதான் புரியும், அவருக்கு மலையாளம் சுத்தமாகத் தெரியாது. விடிகிற வரை பேசிக்கொண்டே இருந்தார்கள்.

நாங்கள் ஆல்ரவுண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். 50 வயது இருக்கும், ஒல்லி. ஒரு பழைய டிரம், இரண்டு தாளத் தட்டு, ஒரு சைக்கிள் பெல், ஒரு பிளாஸ்டிக் விசில். பபூன் வெற்றிலை எச்சிலைத் துப்புகிற மாதிரி நடித்தபோது, அது தரையில் விழுகிற சத்தத்தைத் தட்டின் ஓரத்தில் குச்சியை இழுத்துக் கொண்டுவந்தார். மைசூரான் என் தொடையைக் கிள்ளினான். பிறகு ராத்திரி முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். 1 மணி வாக்கில் டீ வந்தது. அவர் தன் டம்ளரைப் பாதி குடித்துவிட்டு இவனிடம் குச்சியை நீட்டினார். இவன் வேண்டாம் என்று தலையாட்டினான். பெங்களூரில் மேடையில் ஏறினால் இறங்க மாட்டான்.

தர்க்கம் 2:40-க்குத் தொடங்கியது. முருகன் வேஷக்காரர் ஓர் இடத்தில் சுருதியை விட்டு மேலே போய்விட்டார். எனக்கே தெரிந்தது. ஆர்மோனியக்காரர் முகத்தில் ஒன்றுமே இல்லை. வலது கை எப்போது நகர்ந்தது என்று பார்க்கவில்லை, அடுத்த வரியில் பெட்டி அந்த இடத்தில் இருந்தது. வள்ளியும் அங்கிருந்தே எடுத்தார். பெட்டியின் மேலிருந்த வெற்றிலைப் பொட்டலம் மட்டும் லேசாக நகர்ந்து நின்றது. பேரனே, உங்கள் தாத்தா சொன்னதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

யார் கையிலும் சரக்கு இல்லையா என்றால், திடலின் இருட்டு ஓரத்தில் எல்லாம் இருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. போகத் தோன்றவில்லை என்பதுதான் சரி.

ஞாயிறு: கல்யாணத்தில் மூன்று பேரும் நாற்காலியிலேயே தூங்கினோம். சாயங்காலம் எழுந்து குளித்து மாசி வீதி அம்மா சொன்ன பள்ளியறைக்குப் போனோம். அதைப் பற்றி எழுத வரவில்லை. தவில் சத்தம் இறங்குகிற இடத்தில் கொச்சிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் விளக்குத்தூண், ஜிகர்தண்டா, ரயில்.


மாசி_வீதி | திங்கள், இரவு 11:05

கையைப் பிடித்தாளா? அடுத்த கல்யாணம் திருமங்கலத்திலா கொச்சியிலா?


பாதி_மதுரை | திங்கள், இரவு 11:07

அம்மா, இது பாட்டு பற்றிய இழை.


மூணாவது_ரவுண்டு | செவ்வாய், காலை 8:30

சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். 22 வருஷமாக ஓட்டல் பாரில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வாத்தியக்காரர் கையைக்கூட இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அடுத்த நாடகம் எங்கே?


பெட்டிக்காரன்_பேரன் | செவ்வாய், காலை 8:52

அலங்காநல்லூர் பக்கம், வருகிற வெள்ளி. 9 மணிக்குள் போனால்தான் முன்னால் இடம். பாய் எடுத்துக்கொண்டு வாருங்கள் அண்ணே, எல்லா ஊரிலும் ஆச்சி கிடைக்க மாட்டார். குடித்துவிட்டு வந்தால் பபூன் மேடையிலிருந்தே உங்களைப் பிடித்துக்கொள்வார், அப்புறம் விடிய விடிய நீங்கள்தான் காமெடி.


பைபாஸ்வாசி | செவ்வாய், காலை 9:10

பாய் என் வீட்டில் ரெண்டு இருக்கு. வண்டி யாருது?